நாலு கை தூரத்தில் ஒரு மானிட்டர்

புதன்கிழமை, செபமாலை முடிந்து விளக்கு வைத்த நேரம். முத்தாரத்துறைக் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற பூட்டிய அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. பூனை ஒன்று குடத்துக்குள் தலையை விட்டுத் தும்மினால் எப்படி இருக்குமோ, அப்படி. பிறகு கொஞ்ச நேரம் ‘ஙொய்’ என்று இழுத்தது. பிறகு ஒன்றுமில்லை.

வராந்தாவில் உட்கார்ந்திருந்த நாலு பேரும் எழுந்து நின்றார்கள். இந்த நாலு பேர்தான் முத்தாரத்துறை நிழற்பட மன்றம். தலைவர் பெர்க்மான்ஸ், செயலாளர் வியாகுலம், பொருளாளர் இஞ்ஞாசி. பதவி இல்லாமல் மிஞ்சிய ஒரே உறுப்பினர் லாசர். அதனால் லாசருக்குப் பொதுக்குழு என்று பேர். மன்றத்தில் நாலு பேரும் சமம். எதைச் செய்வதானாலும் தீர்மானம் போட்டு, நோட்டில் எழுதி, நாலு பேரும் கையெழுத்து வைத்த பிறகுதான் செய்வார்கள். போன வருஷம் கொடிமரத்தடியில் பாம்பு வந்தபோது, அடிப்பதா விரட்டுவதா என்று தீர்மானம் எழுதிக்கொண்டிருந்தார்கள். பாம்பு கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுத் தானே போய்விட்டது.

“உள்ள யாரோ இருக்கான்,” என்றார் இஞ்ஞாசி.

வியாகுலம் யோசித்தார். “நாம நாலு பேரும் வெளியில நிக்கோம். அப்ப உள்ள இருக்கிறவன் உறுப்பினர் இல்ல. உறுப்பினர் இல்லாதவன் போடுற சத்தத்த மன்றம் கேட்கக் கூடாது.”

“நான் கேட்டுட்டேனே,” என்றார் லாசர், கவலையோடு.

“கேட்டத வாபஸ் வாங்கிக்கலாம்வே.”

லாசர் வாபஸ் வாங்கிக்கொண்டார். நாலு பேரும் நிம்மதியாக உட்கார்ந்தார்கள். விடியும்வரைகூட அப்படியே இருந்திருப்பார்கள். ஆனால் தலைவரின் தங்கை ஜெசிந்தா மூன்று மாதக் குழந்தை ஜோவினைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக வந்தாள். வந்தவள் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். அண்ணன் இடுப்பிலிருந்த சாவியை வாங்கிக் கதவைத் திறந்தாள். புகை வந்தது. மன்றத்தின் கம்ப்யூட்டர் மானிட்டர் செத்துப் போயிருந்தது.

அது மீனவர் சங்கத்தில் பதினைந்து வருஷம் உழைத்துவிட்டு வந்த மானிட்டர். கடைசிக் காலத்தில் அதற்கு எல்லாமே நீலமாகத் தெரிந்தது. தேங்காயும் நீலம், பங்குச்சாமியும் நீலம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஜோவினுக்கு ஞானஸ்நானம் நடந்தபோது லாசர் பெரிய கேமராவில் படம் எடுத்தார். நல்ல படம்தான். ஆனால் அந்த மானிட்டரில் போட்டுப் பார்த்தால் குழந்தை நாவல்பழம் மாதிரி இருந்தது. நாலு பேரும் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து, நீலம் போகும்வரை மஞ்சளைக் கூட்டினார்கள். மானிட்டரில் குழந்தை குழந்தை நிறத்துக்கு வந்ததும் கைதட்டிவிட்டு, கப்பலில் இருக்கும் டன்ஸ்டனுக்கு அனுப்பிவைத்தார்கள்.

டன்ஸ்டன் ஜெசிந்தாவின் புருஷன். சரக்குக் கப்பலில் சமையல் வேலை. பிள்ளை பிறப்பதற்கு முன்னால் ஏறியவன், இன்னும் முகம் பார்க்கவில்லை. கப்பலில் எழுத்து வரும், படம் வரும், முகம் பார்த்துப் பேசுகிற அளவுக்கு நெட் கிடைக்காது. அந்த நெட்டில் நாலு மணி நேரம் ஊர்ந்து வந்த முதல் படத்தில் அவன் பிள்ளை மஞ்சள் கிழங்கு நிறத்தில் இருந்தது. கண்ணின் வெள்ளையும் மஞ்சள். அவன் அக்காவின் தலைப்பிள்ளை மஞ்சள் காமாலையில் போன வீடு அது. மனுஷன் அன்றைக்கு முழுக் கப்பலுக்கும் சோற்றில் உப்பே போடவில்லையாம்.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை, டாக்டரம்மா பார்த்துவிட்டார்கள் என்று ஜெசிந்தா எழுதினாள். நான் பயப்படுவேன் என்று மறைக்கிறாய் என்று அவன் எழுதினான். தன் போனிலேயே ஒரு படம் எடுத்து அனுப்பினாள். அந்தப் போன் யாரை எடுத்தாலும் தானாக முகத்தை வெளுக்க வைக்கும். போன தடவை அவன் அப்பாவையே ரோஸ் நிறமாக்கி அனுப்பியிருந்தது. அதனால் அதையும் நம்பவில்லை. சனிக்கிழமை ராத்திரி கப்பல் கொழும்பைத் தொடும், பெரிய கேமராப் படம் சரியான நிறத்தில் அதற்குள் வராவிட்டால் இறங்கி வந்துவிடுவேன், பெட்டியைக் கட்டிவிட்டேன் என்று இன்றைக்கு எழுதியிருந்தான். பாதியில் இறங்கினவனை எந்தக் கப்பலும் மறுபடி ஏற்றாது. இந்த வேலைக்கு அவன் இரண்டு வருஷம் காத்துக் கிடந்தவன்.

ஜெசிந்தா இதையெல்லாம் சொல்லிவிட்டு, “அண்ணே, சனிக்கிழமைக்குள்ள என் பிள்ள என் பிள்ள நிறத்துல இருக்கிற மாதிரி ஒரு படம் வேணும். வேற எதுவும் வேண்டாம்,” என்றாள்.

லாசர் எடுத்தபடியே, எதுவும் செய்யாமல் அனுப்பினால் என்ன என்றும் கேட்டாள். திருத்தாத படம் மன்றத்தின் படம் ஆகாது என்று வியாகுலம் பொறுமையாக விளக்கினார். அதைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுக்கவும் மானிட்டர் வேண்டும். கேமராவின் முதுகில் இருந்த சின்னத் திரை, லாசர் அதன் மேல் உட்கார்ந்த அன்றே போயிருந்தது.

தங்கையின் கண்ணில் தண்ணீரைக் கண்டால் பெர்க்மான்ஸுக்குப் பொறுக்காது. அந்த இடத்திலேயே தீர்மானம் போட்டார். புது மானிட்டர் வாங்குவது. நாலு பேரும் போவது.

வியாழக்கிழமை நாகர்கோவிலில் ஒரு பெரிய கடையில் நாலு பேரும் வரிசையாக நின்றார்கள். ஷெரின் என்கிற பெண் வந்து, படம் திருத்துவதற்கு மட்டுமா, தினசரி உபயோகத்துக்குமா என்று கேட்டாள். நாலு பேரும் ஒதுங்கிப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள்.

“ஞாயிற்றுக்கிழம எங்க ஊர்ல கடலுக்குப் போகமாட்டோம், எந்த வேலையும் கிடையாது,” என்றார் தலைவர். “அதனால ஞாயிறு நீங்கலாத் தினசரி.”

அதற்கும் இது ஒத்துவரும் என்று ஷெரின் சொன்னாள். நல்ல பெண். இருபத்தேழு அங்குலத் திரை ஒன்றைக் காட்டினாள். உங்களைப் போல் ஆசைக்குப் படம் திருத்துகிறவர்களுக்கு இது போதும், ரொம்பப் பெரிய விலையில் வேண்டாம், இது ஐ.பி.எஸ். திரை, முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரிப் பளபளக்காது, பக்கவாட்டில் நின்று பார்த்தாலும் நிறம் மாறாது என்றாள்.

மன்றம் சோதித்தது. தலைவர் இடது பக்கம், செயலாளர் வலது பக்கம், பொருளாளர் தரையில் படுத்துக்கொண்டு. நிறம் மாறவில்லை. லாசர் மட்டும் பக்கவாட்டிலேயே இன்னும் கொஞ்சம் போனார், இன்னும் கொஞ்சம் போனார், கடைசியில் மானிட்டரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்.

“இங்கேர்ந்து பார்த்தா முழுக்கக் கறுப்பு. நிறம் மாறுது,” என்றார்.

நாலு பேரும் ஷெரினைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அது பின்பக்கம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். பின்பக்கமும் ஒரு பக்கம்தானே என்று செயலாளர் எழுதிக்கொண்டார். கடையில் இருந்த பதினோரு மானிட்டருக்கும் அதே குறை இருந்தது.

ஷெரின் பொறுமை இழக்கவில்லை. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பொருளைப் படம் எடுத்து, அந்தப் பொருளையும் கையோடு கொண்டு வாருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தத் திரையில் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறதோ அதை வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பினாள். இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.

ஊருக்குத் திரும்பியதும், நமக்கு நன்றாகத் தெரிந்த பொருள் எது என்று விவாதம் நடந்தது. பங்குச்சாமி என்றார் இஞ்ஞாசி. அவர் பஸ்ஸில் வரமாட்டார் என்று தள்ளுபடி ஆனது. ஜெசிந்தா நடுவில் புகுந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானே வருகிறேன் அண்ணே என்றாள். குழந்தையை மூன்று மாதமாகத்தான் தெரியும், அது நன்றாகத் தெரிந்த பொருள் ஆகாது என்றார் வியாகுலம். பிறந்தது முதல் தெரிந்தது மீன் ஒன்றுதான் என்று ஏகமனதாக முடிவானது.

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஏலக்கரையில் போய், வள்ளத்திலிருந்து அப்போதுதான் இறங்கிய சீலா மீன் ஒன்றை லாசர் படம் எடுத்தார். வெள்ளி மாதிரி மின்னியது. மீனையும் வாங்கித் தாளில் சுற்றிக்கொண்டார்கள். முதல் பஸ்ஸில் நடத்துனர் இறக்கிவிட்டார். இரண்டாவது பஸ்ஸிலும் இறக்கிவிட்டார். மூன்றாவதில் மீன் இருக்கிற இடத்தைச் சுற்றி நிறைய இடம் கிடைத்தது.

கடையை அடையும்போது மத்தியானம். மேசையில் மீனை வைத்தார்கள். திரையில் படத்தைப் போட்டார்கள். திரையில் மீன் வெள்ளி, மேசையில் மீன் சாம்பல்.

“பொய் சொல்லுது,” என்றார் தலைவர், மானிட்டரைப் பார்த்து.

அடுத்த மானிட்டரும் பொய் சொன்னது. அதற்கடுத்ததும். ஒவ்வொன்றாகப் போகப்போக மீனுக்கும் படத்துக்கும் வித்தியாசம் கூடிக்கொண்டே போனது. மீன்தான் மாறிவிட்டது சார், மானிட்டர் இல்லை என்று ஷெரின் கைக்குட்டைக்குள்ளிருந்து சொன்னாள். பெர்க்மான்ஸ் அப்போதுதான் முதன்முறையாகக் கொஞ்சம் கடுமையாகப் பேசினார்.

“எங்க ஊர் மீனப் பத்தி அப்படிச் சொல்லாதீங்கம்மா.”

கடை முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார். பாதிப் படியிலேயே நின்றுவிட்டார். மற்ற வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே போயிருந்தார்கள். திரையில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கிறதா என்றாவது பாருங்கள், அதை வைத்தாவது முடிவு செய்யுங்கள் என்று ஷெரின் கெஞ்சினாள்.

கறுப்பைத் தேடி நாலு பேரும் நாலு திசையில் போனார்கள். லாசர் மூலையிலிருந்து கூப்பிட்டார். அங்கே இருந்த மானிட்டரின் கறுப்புதான் கறுப்பு. ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை, அமாவாசை மாதிரி.

“சார், அது அணைச்சு வச்சிருக்கு,” என்றாள் ஷெரின்.

“அணைச்சே இப்படின்னா, போட்டா எப்படி இருக்கும்னு பாத்துக்கோங்க,” என்றார் இஞ்ஞாசி.

அதையே வாங்கினார்கள். வியாழக்கிழமை அவள் முதன்முதலில் காட்டிய அதே மானிட்டர்தான் அது. ஷெரின் அதைச் சொல்லவில்லை. பெட்டியின் மேல் இரண்டு விஷயம் எழுதிக் கொடுத்தாள். ஒன்று: கண்ணுக்கும் திரைக்கும் ஒரு கை நீளம் இடைவெளி இருக்கட்டும். இரண்டு: நிறம் பார்க்கும்போது வெளிவெளிச்சம் படக் கூடாது, கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

இங்கே இவர்கள் இப்படி இருக்க, ஊரில் ஜெசிந்தா குழந்தையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணிமையை விரலால் மெல்ல விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளையாகத்தான் இருந்தது. காலையில் பார்த்தபோதும் வெள்ளைதான். ஆனால் அந்த மஞ்சள் படத்தை அவள் எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்துவிட்டாள். பார்க்கப்பார்க்க அவளுக்கே சந்தேகம் வர ஆரம்பித்தது. ராத்திரி எழுந்து போன் விளக்கில் பார்ப்பாள். போன் விளக்கும் மஞ்சளோ என்று அந்த வெளிச்சத்தைச் சுவரில் அடித்துப் பார்ப்பாள். பிள்ளை சிரிக்கும். அவளுக்குத் தூக்கம் போய்விடும்.

பெட்டியில் ‘கவனமாகத் திறக்கவும்’ என்று அச்சடித்திருந்தது. நாலு பேரும் கவனித்தார்கள். நாலு பேரும் கவனித்துக்கொண்டிருந்ததால் திறக்க ஆள் இல்லை. சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து கவனித்தார்கள். கடைசியில் ஜெசிந்தா வந்து, வீட்டிலிருந்து கொண்டு வந்த அரிவாள்மனையால் ஒட்டுத்தாளைக் கீறிவிட்டுப் போனாள். இன்றைக்கு ராத்திரி கப்பல் கரை தொடுகிறது அண்ணே என்று மட்டும் சொன்னாள்.

அடுத்தது, ஒரு கை நீளம். யார் கை என்று பெட்டியில் எழுதவில்லை.

“தலைவர் கை,” என்றார் தலைவர்.

“அப்ப மத்த மூணு பேரும் கையில்லாதவங்களா?” என்றார் வியாகுலம்.

லாசர் கைதான் நீளம், ஆனால் அவருக்குப் பதவி இல்லை. இஞ்ஞாசிக்குப் பதவி இருக்கிறது, கை குட்டை. ஒருவர் கையை அளந்தால் மூன்று பேருக்கு அவமரியாதை. மன்றத்தில் எல்லோரும் சமம். ஆகவே நாலு பேர் கையையும் கயிற்றில் ஒன்றன்பின் ஒன்றாக அளந்து கூட்டுவது என்று தீர்மானம் ஆனது. இந்த ஒரு தீர்மானத்தில்தான் நாலு பேரும் சண்டையில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள்.

நாற்காலிகளைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டு, அங்கிருந்து கயிற்றைப் பிடித்தார்கள். அறையின் நீளம் எட்டு அடி. கயிறு அறையைத் தாண்டி, வாசற்படியைத் தாண்டி, வராந்தாவின் நடுவில் போய் முடிந்தது. அந்த இடத்தில் மேசையைப் போட்டார்கள். மேசை மேல் மானிட்டர், மானிட்டருக்குக் கீழே கம்ப்யூட்டர், முன்னால் தட்டச்சுப் பலகை, மவுஸ். திருவிழா மைக்செட்டுக்காக வைத்த பிளக் அங்கேயே இருந்தது, அதில் செருகினார்கள். கையெழுத்துப் போட்ட ஈரத்தோடு நோட்டுப் புத்தகத்தையும் மேசையிலேயே வைத்தார்கள். லாசர், பிறகு அனுப்புவதற்காக மன்றத்தின் மின்னஞ்சலையும், தான் எடுத்த ஞானஸ்நானப் படத்தையும் திறந்து வைத்தார். திருத்தாதது. உள்ளே போய் உட்கார்ந்துதான் திருத்த வேண்டும்.

அப்போது பொழுது சாய்ந்துவிட்டது. வராந்தாவில் குழல்விளக்கு எரிந்தது. வெளிவெளிச்சம் படக் கூடாதே என்று அதை அணைத்தார்கள். பிறகு நாலு பேரும் உள்ளே போய் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நேர் எதிரே, திறந்த வாசல் வழியே, நாலு கை தூரத்தில், ஜோவின் வெள்ளைச் சட்டையில் தெரிந்தான்.

“இனி கதவு,” என்றார் தலைவர்.

லாசர் கதவைச் சாத்தினார். காற்று திறந்தது. மறுபடி சாத்தினார், மறுபடி திறந்தது. தாழ்ப்பாள் போட்டால்தான் நிற்கும். அந்த அறையை யாரும் உள்ளேயிருந்து பூட்டினதில்லை, தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கல்லாகக் கிடந்தது. லாசர் தொங்கினார். வியாகுலம் செருப்பால் தட்டினார். இஞ்ஞாசி தலையிலிருந்து கொஞ்சம் தேங்காயெண்ணெயை வழித்துத் தடவினார்.

ஜெசிந்தா அந்த நேரத்தில்தான் வராந்தாவுக்கு வந்தாள். படம் தயாரா, இல்லை இறங்கி வருகிறவனைக் கூட்டி வர ஏற்பாடு செய்யவா என்று தெரியாமல் வந்தாள். கதவைத் தட்டப் போனவள் திரும்பினாள். இருட்டில் மேசை மேல் அவள் பிள்ளை இருந்தது.

மஞ்சள் இல்லை. நீலம் இல்லை. அவளுடைய அதே மாநிறம். டன்ஸ்டனுடைய அதே மடங்கின காது. கண்ணின் வெள்ளை வெள்ளையாக இருந்தது. அவள் தோளில் இருந்த ஜோவினைத் திரைக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள். கன்னத்துக்குக் கன்னம், ஒன்று இன்னொன்றாகவே இருந்தது. ஜோவின் படத்தைப் பார்த்து, தெரிந்தவர் யாரோ என்பதுபோல் வாயைத் திறந்தான்.

மன்றத்தின் மின்னஞ்சல் திறந்துதான் கிடந்தது. குழந்தையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, ஒரு கையாலேயே படத்தை இணைத்து, எதுவும் எழுதாமல் அனுப்பிவிட்டாள்.

கதவுக்குப் பின்னால் ‘கிரீச், கிரீச்’ என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் மேசைக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். பிள்ளை தூங்கிப்போனது. கொடிமரத்துக்கு மேலே நட்சத்திரம் வந்தபோது அவள் போன் அதிர்ந்தது.

“என் பிள்ளதான். அப்பா காது. கொழும்பு வந்தாச்சு, பெட்டியப் பிரிச்சிட்டேன். எல்லாருக்கும் பாயசம் வச்சிட்டிருக்கேன். உங்க அண்ணன் ஆட்களுக்கு உடம்பு சரியில்லையா? படத்துல கை வச்ச மாதிரியே தெரியலயே.”

ஜெசிந்தா சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து கதவருகில் போனாள்.

“அண்ணே, படம் போயிட்டு. அவர் பாத்துட்டார். இறங்கல.”

கிரீச் சத்தம் நின்றது. உள்ளே நாலு பேரும் கூடிப் பேசினார்கள். பிறகு பெர்க்மான்ஸின் குரல் வந்தது, அன்பாக, ஆனால் உறுதியாக.

“தங்கச்சி, தாழ்ப்பாள் இன்னும் விழல. அதுக்கு முன்னால பாத்த நிறம் செல்லாது. கொஞ்சம் பொறு.”

அவள் பொறுக்கவில்லை. பிள்ளையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். மூன்று நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவள் தூங்கினாள்.

அறைக்குள் வேலை நடந்தது. கதவை நாலு பேரும் ஒன்றாகத் தோள் கொடுத்து அழுத்தியதும் கீற்று வெளிச்சம்கூட இல்லாமல் போனது.

“இப்ப திரையில வெளிவெளிச்சம் படுதா?” என்றார் தலைவர்.

“திரையே தெரியல,” என்றார் இஞ்ஞாசி திருப்தியாக. “அவ்வளவு சுத்தமா இருக்கு.”

“நிறம்?”

“நாலு பேருக்கும் ஒரே மாதிரிதான் தெரியுது,” என்றார் வியாகுலம். “பக்கவாட்டுல பாத்தாலும் மாறல. அந்தப் பொண்ணு சொன்னது சரிதான்.”

“கறுப்பும் நல்ல கறுப்பு,” என்றார் லாசர், தான் தேர்ந்தெடுத்த பெருமையில்.

“எழுதிக்கோ,” என்றார் தலைவர்.

செயலாளர் இருட்டில் மடியைத் தடவினார். நாற்காலியின் கீழே தடவினார். நோட்டு வெளியே மேசையில் இருக்கிறது என்றார். அதை எடுக்கக் கதவைத் திறக்க வேண்டும். கதவைத் திறக்கத் தீர்மானம் வேண்டும். தீர்மானம் எழுத நோட்டு வேண்டும்.

“அப்ப இந்தத் தாழ்ப்பாளப் போடலாமா, வேண்டாமா?” என்று கேட்டார் லாசர். அவர் கையில் அது கடைசியாக மெல்ல அசைய ஆரம்பித்திருந்தது.

“போடத்தான் ஏற்கெனவே தீர்மானம் இருக்கே,” என்றார் தலைவர். “போடும்வே.”

லாசர் போட்டார். எண்ணெய் குடித்த தாழ்ப்பாள் ஒரே வழுக்கில் உள்ளே இறங்கி விழுந்தது.